அடைமுட்டையில் தண்ணீர் படவேண்டாம்

நாட்டுக்கோழி வளர்க்கும் அக்கா, அண்ணன், தம்பி, தங்கைகளுக்கு,

அடைக்கு வைக்கும் முட்டையைத் தயவுசெய்து கழுவாதீர்கள். இதைக் கேட்டுக்கொள்ளத்தான் எழுதுகிறேன். ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் காரணம் தெரியாத அறிவுரை யார் மனதிலும் நிற்பதில்லை. "பாட்டி காலத்தில் கழுவவில்லை, இப்போது சுத்தம் வேண்டாமா?" என்று யாராவது கேட்டால் நாம் விழிப்போம். அதனால் முட்டைக்குள் என்ன நடக்கிறது என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன். கால்நடை மருத்துவமும் நுண்ணுயிரியலும் படித்தவன் நான். படித்தவற்றில் எனக்கு இன்றுவரை வியப்புக் குறையாத ஒன்று வெள்ளைக்கரு.

கொஞ்ச காலமாக இரண்டு விஷயங்களைப் பார்க்கிறேன். சின்ன இன்குபேட்டர் வாங்கிக் குஞ்சு பொரிக்கத் தொடங்கிய தம்பிகள், எச்சம் ஒட்டிய முட்டைகளை ஒரு வாளித் தண்ணீரில் போட்டுத் தேய்த்து அடுக்குகிறார்கள். நாட்டு முட்டை விற்கும் அக்காக்கள், பளிச்சென்று இருந்தால்தான் வாங்குகிறார்கள் என்று கழுவித் துடைத்துக் கூடையில் வைக்கிறார்கள். இரண்டுமே நல்ல எண்ணத்தில் செய்வதுதான். பிறகு பாதி முட்டை கூமுட்டையாகப் போனால் பழி சேவல் மேலும் கரண்ட் கட் மேலும் விழுகிறது. அவையும் காரணமாக இருக்கலாம். ஆனால் அந்த வாளித் தண்ணீரை யாரும் சந்தேகப்படுவதில்லை.

ஒரு நாட்டுக்கோழி ஒரு ஈட்டுக்குப் பத்துப் பன்னிரண்டு முட்டை இடும். ஒரு நாள் விட்டும் இடும், தொடர்ந்தும் இடும். எல்லாம் இட்டு முடித்த பிறகுதான் அடையில் உட்காரும். அப்படியானால் முதலில் இட்ட முட்டை இரண்டு வாரம் வெறுமனே கிடக்கிறது. நம் ஊர் வெயிலில், புழுக்கத்தில், மண்ணும் எச்சமும் பக்கத்திலேயே இருக்க, கெடாமல் கிடக்கிறது. உள்ளே இருப்பதோ தண்ணீரும் புரதமும் கொழுப்பும். ஆய்வகத்தில் கிருமி வளர்க்க நாங்கள் தேடித் தேடிக் கலக்கும் அத்தனையும் அதில் உண்டு. ஒரு கிண்ணம் பாலை அதே இடத்தில் ஒரு நாள் வைத்துப் பாருங்கள், தெரியும்.

மஞ்சள்கருவின் மேல் ஒரு சின்ன வெண்புள்ளி தெரியுமே, அதுதான் குஞ்சாகப் போகும் கரு. முட்டை வெளியே வரும்போதே அதில் 40,000 முதல் 60,000 செல்கள் வரை இருக்கும். ஆனால் கிருமியை எதிர்க்க அதற்கென்று ஒன்றும் கிடையாது. தாய்க்கோழியும் இன்னும் மேலே உட்காரவில்லை. அந்த இரண்டு வாரமும், அதன்பின் அடைக்காலத்தின் முதல் பாதியும், அதற்குக் காவல் வெள்ளைக்கருதான்.

காவல் ஓட்டிலிருந்தே தொடங்குகிறது. கோழி முட்டையிட்ட கையோடு எடுத்துப் பார்த்திருப்பீர்கள். ஈரமாக மினுங்கும். சில நிமிடங்களில் காய்ந்து மங்கிவிடும். அப்படிக் காய்வது ஒரு மெல்லிய மேற்பூச்சு. ஓட்டில் ஏறத்தாழ பத்தாயிரம் நுண்துளைகள் உண்டு. குஞ்சு மூச்சுவிடுவதற்காக இருப்பவை. அந்தத் துளைகளின் வாயை மூடிக் காப்பது இந்தப் பூச்சு. தேய்த்துக் கழுவும்போது முதலில் போவது இதுதான்.

இன்னொரு சங்கதியும் இருக்கிறது. கோழியின் உடல் சூடு ஏறத்தாழ 41 டிகிரி செல்சியஸ். வெளியே வந்த முட்டை ஆறும்போது உள்ளிருப்பது சுருங்கும். அப்படிச் சுருங்கிய இடத்தில்தான் அகன்ற முனையில் காற்றறை உருவாகிறது. இருட்டறையில் டார்ச்சின் மேல் முட்டையை வைத்தால் அந்தக் காற்றறை வளையமாகத் தெரியும். இதே சுருக்கம் தண்ணீருக்குள் நடந்தால்? உள்ளே போவது காற்றாக இருக்காது, தண்ணீராக இருக்கும். வெதுவெதுப்பான முட்டையைக் குளிர்ந்த தண்ணீரில் போட்டால், கழுவிய அழுக்கு அந்தத் துளைகள் வழியே உறிஞ்சப்படும். எச்சம் ஓட்டின் மேல் காய்ந்து கிடந்தவரை அதிலிருந்த கிருமிக்கு வழி இல்லை. வழியைத் திறந்துவிட்டது நாம்தான்.

ஓட்டைத் தாண்டினால் இரண்டு சவ்வுகள். அவற்றையும் தாண்டினால் வெள்ளைக்கரு. இன்று இட்ட முட்டை ஒன்றை ஒரு தட்டில் மெதுவாக உடைத்து ஊற்றிப் பாருங்கள். மஞ்சள்கருவைச் சுற்றிக் கெட்டியாக ஒரு மேடு, அதற்கு வெளியே இளகலாக ஒரு வட்டம், மஞ்சள்கருவின் இருபுறமும் முறுக்கிய வெள்ளைக் கயிறு. அந்தக் கயிறுகள் மஞ்சள்கருவை நடுவிலேயே பிடித்து வைக்கின்றன. அந்தக் கெட்டிப் பகுதியில் கிருமி எளிதில் நகர முடியாது. மஞ்சள்கருவில் இரும்பும் உண்டு, கொழுப்பும் உண்டு. கிருமி அங்கே போய்ச் சேர்ந்துவிட்டால் கதை முடிந்தது. அதனால்தான் மஞ்சள்கருவை ஓட்டின் பக்கம் விடாமல் நடுவில் கட்டி வைத்திருக்கிறது முட்டை.

வெள்ளைக்கருவில் 88 சதவீதம் நீர், பத்துப் பதினோரு சதவீதம் புரதம். அந்தப் புரதத்தில் சுமார் 3.5 சதவீதம் லைசோசைம். கிருமியின் செல் சுவர் சர்க்கரைச் சங்கிலிகளால் பின்னப்பட்டது. அந்தச் சங்கிலியைக் குறிப்பிட்ட ஒரு கண்ணியில் வெட்டுவது லைசோசைமின் வேலை. சுவர் அறுந்ததும் கிருமி தண்ணீரை உறிஞ்சி ஊதி வெடித்துவிடும். பென்சிலினைக் கண்டுபிடிப்பதற்குச் சில ஆண்டுகள் முன்பே, 1921-இல், லண்டன் செயின்ட் மேரி மருத்துவமனையில் அலெக்சாண்டர் ஃப்ளெமிங் இதை மூக்குச்சளியில் கண்டார். கண்ணீரிலும் எச்சிலிலும் தேடிப் பார்த்தார், இருந்தது. வெள்ளைக்கருவிலோ கொட்டிக் கிடந்தது. 1965-இல் டேவிட் ஃபிலிப்ஸ் குழுவினர் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில், எக்ஸ்-கதிர் கொண்டு ஒரு நொதியின் முப்பரிமாண வடிவத்தை முதன்முதலாக முழுதாக வரைந்து காட்டினார்கள். அவர்கள் எடுத்துக்கொண்ட நொதி கோழிமுட்டையின் லைசோசைம். 129 அமினோ அமிலங்கள் கொண்ட சின்னஞ்சிறு புரதம். உலகத்து உயிர்வேதியியல் மாணவர்கள் எல்லாரும் படிக்கிற பாடம் உங்கள் கோழிக்கூண்டில்தான் கிடக்கிறது.

இதோடு நின்றிருந்தால் கழுவுவதால் பெரிய கேடு வராது என்று நான்கூடச் சொல்லியிருப்பேன். விஷயம் இதற்குப் பிறகுதான் இருக்கிறது.

ஓட்டின் மேல் இயல்பாக ஒட்டியிருக்கும் கிருமிகளில் பெரும்பாலானவை தூசியிலும் காய்ந்த மண்ணிலும் வாழ்பவை. கிராம்-பாசிட்டிவ் வகை. அவற்றின் செல் சுவர் வெளியே திறந்தே இருக்கும். லைசோசைம் நேராகப் போய் வெட்டலாம். ஆனால் அழுகிய முட்டையை உடைத்துச் சோதித்தால் கிடைப்பவை பெரும்பாலும் வேறு இனம், கிராம்-நெகட்டிவ் வகை. சூடோமோனாஸ், புரோட்டியஸ் போன்றவை. இவற்றின் செல் சுவருக்கு மேல் இன்னொரு சவ்வு போர்த்தியிருக்கும். லைசோசைம் சுவரைத் தொடவே முடியாது. இந்த இரண்டாம் வகைக்குப் பிடித்த இடம் ஈரம், தண்ணீர், சேறு. முட்டையைக் கழுவும்போது நாம் அழுக்கை எடுப்பதாக நினைக்கிறோம். உண்மையில் நடப்பது ஆள்மாற்றம். லைசோசைம் எளிதில் கொல்லக்கூடிய கிருமி இருந்த இடத்தில், அதற்கு அடங்காத கிருமியைத் தண்ணீரோடு கொண்டுவந்து சேர்க்கிறோம்.

அந்த அடங்காத வகைக்கும் முட்டை ஒரு பதில் வைத்திருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். கொல்ல முடியாத எதிரியைப் பட்டினி போடுவது. ஊரை விட்டுப் போகிறவன் கிணற்றைத் தூர்த்துவிட்டுப் போவதுபோல, கிருமிக்கு வேண்டியதை முன்கூட்டியே இல்லாமல் ஆக்கிவிடுவது. ஏறக்குறைய எல்லாக் கிருமிக்கும் இரும்பு வேண்டும். வெள்ளைக்கருப் புரதத்தில் சுமார் 12 சதவீதம் ஓவோடிரான்ஸ்ஃபெரின். அதன் ஒவ்வொரு மூலக்கூறும் இரண்டு இரும்பு அணுக்களை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், விடாது. 1944-இல் அமெரிக்காவில் ஷேட், கரோலின் என்ற இருவர் பச்சை வெள்ளைக்கருவில் சீதபேதிக் கிருமி ஏன் வளரவில்லை என்று ஆராய்ந்தார்கள். எத்தனையோ சத்துகளைச் சேர்த்துப் பார்த்தும் கிருமி வளரவில்லை. இரும்பைச் சேர்த்ததும் வளர்ந்தது. ஆய்வகத்தில் வெள்ளைக்கருவில் இரும்பு உப்புக் கரைசலைச் சொட்டிப் பார்த்தால், அந்தப் புரதம் இரும்பைக் கவ்வுவது கண்ணுக்கே தெரியும். நிறமற்ற வெள்ளைக்கரு வெளிர் ரோஜா நிறத்துக்கு மாறும்.

இப்போது உங்கள் ஊர் போர்வெல் தண்ணீரை நினைத்துப் பாருங்கள். வாளியில் பிடித்து வைத்தால் அடியில் செம்மண்போலத் தங்கும், வேட்டியில் பட்டால் பழுப்புக் கறை விழும், வாயில் வைத்தால் துரு வாடை அடிக்கும். பல ஊர்களில் அப்படித்தான். அந்தத் தண்ணீரில் முட்டையைக் கழுவினால், கிருமிக்குப் பட்டினி போட முட்டை அரும்பாடுபட்டு ஒளித்துவைத்த இரும்பை நாம் வெளியிலிருந்து ஊட்டுகிறோம். இது என் கற்பனை இல்லை. முட்டையைக் கழுவுவதை வழக்கமாகவே வைத்திருக்கும் அமெரிக்காவில்கூட, லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்கு மேல் இரும்புள்ள தண்ணீரை அதற்குப் பயன்படுத்தக் கூடாது என்று விதி இருக்கிறது. அடைக்கூடையில் கரித்துண்டோடும் மிளகாயோடும் ஓர் இரும்புத் துண்டை வைக்கும் வழக்கம் சில ஊர்களில் உண்டு. அதனால் கெடுதல் இல்லை. காய்ந்த இரும்பு ஓட்டைத் துளைத்துப் போகாது. தண்ணீரில் கரைந்த இரும்புதான் உள்ளே போகும்.

கிருமியும் சும்மா இருப்பதில்லை. இரும்பைப் பிடுங்கிவர அதுவும் சில சின்ன மூலக்கூறுகளைச் செய்து வெளியே அனுப்பும். பச்சையாக அழுகிய முட்டையைப் பார்த்திருப்பீர்கள். அது சூடோமோனாஸின் வேலை. அந்தப் பச்சை நிறமே இரும்பைப் பறிக்க அது அனுப்பிய மூலக்கூறின் நிறம்தான். வெள்ளைக்கருவோ அப்படி வரும் மூலக்கூறுகளில் சிலவற்றையும் பிடித்துவைக்க இன்னொரு புரதம் வைத்திருக்கிறது. சால்மோனெல்லா அந்தப் பிடிக்கும் சிக்காமல் தன் மூலக்கூறில் சர்க்கரையை ஒட்டி அனுப்புகிறது. இப்படி ஒன்றுக்கு ஒன்று மிஞ்சிக்கொண்டே போகிறது.

இரும்போடு முடியவில்லை. பயோட்டின் என்ற வைட்டமினை அவிடின் என்ற புரதம் பிடித்து வைத்துக்கொள்கிறது. மொத்தப் புரதத்தில் 0.05 சதவீதம்தான். ஆனால் அதன் பிடி, இயற்கையில் நாம் அறிந்த மிக இறுக்கமான பிடிகளில் ஒன்று. ரிபோஃபிளேவின் வைட்டமினைப் பிடிக்கத் தனியாக ஒன்று உண்டு. கிருமியின் செரிமான நொதிகளை முடக்கும் புரதங்கள் பல. 2007-இல் கார்ல்ஹைன்ஸ் மான் என்ற ஆய்வாளர் வெள்ளைக்கருவில் 78 புரதங்களை அடையாளம் கண்டார். அவற்றில் பலவற்றுக்கு வேலை காவல்தான்.

காரத்தன்மையைப் பற்றி ஒரு வார்த்தை. இட்டவுடன் வெள்ளைக்கருவின் பி.எச். 7.6 அளவில் இருக்கும். துளைகள் வழியே கரியமில வாயு வெளியேற வெளியேற, சில நாள்களில் அது 9-ஐத் தாண்டிவிடும். பெரும்பாலான கிருமிகளுக்கு அந்தக் காரம் ஆகாது. இரும்பைப் பிடிக்கும் புரதத்துக்கோ அதுதான் தோது. புது முட்டையை அவித்தால் தோல் உரிக்க வராமல் வெள்ளைக்கரு பிய்ந்துவருவதும், நாலைந்து நாள் ஆனதை அவித்தால் சுலபமாக உரிவதும் இதனால்தான். ஆக, கோழி அடையில் உட்காரும் நேரத்துக்குள் வெள்ளைக்கரு முழுப் பலத்துக்கு வந்திருக்கும். அதன்மேல் அடையின் சூடும் சேர்ந்தால் அதன் கிருமிக்கொல்லும் திறன் இன்னும் கூடும் என்று ஆய்வகச் சோதனைகள் காட்டுகின்றன.

அடையில் உட்கார்வது குஞ்சுக்குச் சூடு தருவதற்கு மட்டும்தான் என்று எண்ணியிருந்தோம். புவேர்ட்டோ ரிக்கோவின் ஈரமான மலைக்காடுகளில் மார்க் குக், ஸ்டீவன் பைசிங்கர் குழுவினர் செய்து 2003-இலும் 2005-இலும் வெளியிட்ட ஆய்வுகள் வேறொன்றையும் காட்டின. அடைகாக்காமல் விட்ட முட்டைகளில் கிருமி ஓட்டைத் தாண்டி உள்ளே போனது, முட்டை பொரிக்கும் வாய்ப்புக் குறைந்தது. 2010-இல் லிலியானா டி'ஆல்பா, மேத்யூ ஷாக்கி உள்ளிட்டோர், அடைகாப்பதால் ஓட்டில் கிருமி குறைவதற்கு ஒரு முக்கியக் காரணம் முட்டை உலர்ந்திருப்பதே என்று காட்டினார்கள். இதற்கு எதிர்ப்பக்கத்துச் சான்றும் ஒன்று இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் பிரஷ் டர்க்கி என்ற பறவை அடையில் உட்காராது. மட்கும் இலைதழைக் குவியலுக்குள் முட்டையைப் புதைத்து, அந்த மட்கும் சூட்டிலேயே பொரிக்கவிடும். அவ்வளவு ஈரத்திலும் அழுகலிலும் கிடக்கும் முட்டையின் வெள்ளைக்கருவில் லைசோசைம் ஏராளமாக இருக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். பார்த்தால், கோழிமுட்டையில் இருக்கும் அளவுதான். வித்தியாசம் ஓட்டின் மேல் இருந்தது. நுண்ணிய கால்சியம் பாஸ்பேட் உருண்டைகளால் ஆன பூச்சு, தண்ணீரை ஒட்டவிடாமலும் கிருமியைத் தங்கவிடாமலும் தடுக்கிறது. நம் கோழிக்கு அந்த வசதி இல்லை. அதன் முட்டை உலர்ந்திருப்பதை நம்பியே படைக்கப்பட்டது. உலர்ந்த மணல், உமி, வைக்கோல் போட்ட கூடையில் அடைவைத்தவர்கள் இதைக் கண்டறிந்துதான் செய்திருக்கிறார்கள்.

அப்படியானால் அமெரிக்காவில் ஏன் கழுவுகிறார்கள் என்று படித்த தம்பி யாராவது கேட்கக்கூடும். அங்கே முட்டையைவிடச் சூடான நீரில், கிருமிநாசினியோடு கழுவி, உடனே உலர்த்தி, வாங்குபவர் வீடு போகும்வரை 7 டிகிரிக்குக் கீழே குளிரிலேயே வைக்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியமோ கடைக்கு வரும் 'ஏ' தர முட்டையைக் கழுவவே கூடாது என்கிறது. இரண்டில் எதை முழுதாகச் செய்தாலும் சரி. பச்சைத் தண்ணீரில் கழுவி, ஈரத்தோடு அடுக்கி, வெயிலில் கொண்டுபோய் விற்பது இரண்டிலும் சேராது. அதைத்தான் விட்டுவிடச் சொல்கிறேன்.

செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். முட்டை அழுக்காவது கூட்டில். கோழி முட்டையிடும் இடத்தில் காய்ந்த வைக்கோலோ உமியோ போட்டு அடிக்கடி மாற்றினால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும். இட்ட முட்டையைத் தரையில் கிடக்கவிடாமல் அன்றன்றே எடுங்கள். எச்சம் லேசாக ஒட்டியிருந்தால் காயவிட்டு, சொரசொரப்பான உலர்ந்த துணியால் மெதுவாகத் தட்டி எடுங்கள். அழுந்தத் தேய்க்க வேண்டாம், மேற்பூச்சு போய்விடும். அழுக்கு அதிகமாக உள்ளதும் மயிரிழை விரிசல் விட்டதும் அடைக்கு வேண்டாம். அன்றே நன்றாக வேகவைத்துச் சாப்பிட்டுவிடுங்கள். அடைக்குச் சேர்க்கும் முட்டையைக் கூர்முனை கீழே இருக்க, காற்றோட்டமான நிழலில் வையுங்கள். பிரிஜ்ஜில் வேண்டாம். அதிலிருந்து எடுத்து வெளியே வைத்தால் ஓட்டில் வேர்க்குமே, அந்த வேர்வையும் தண்ணீர்தான். மிதக்கிறதா, மூழ்குகிறதா என்று தண்ணீரில் போட்டுப் பார்க்கும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. சமைக்கப்போகிற முட்டைக்கு அது சரி. அடைமுட்டைக்கு டார்ச் வெளிச்சமே போதும்.

சாப்பாட்டு விஷயத்திலும் ஒன்று சொல்லியாக வேண்டும். இவ்வளவு காவல் இருக்கிறதே, பச்சையாகவே குடிக்கலாமே என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். சால்மோனெல்லா என்டரிடிடிஸ் என்ற கிருமி, ஓடு உருவாகும் முன்பே கோழியின் சினைப்பையிலிருந்தும் முட்டைக் குழாயிலிருந்தும் உள்ளே போய்விடக்கூடியது. வெள்ளைக்கரு அதைப் பெருகவிடாமல் அடக்கிவைக்குமே தவிர, எப்போதும் கொன்றுவிடும் என்பதற்கு உறுதியில்லை. வயதுக்கு வந்த பெண்பிள்ளைக்கு நல்லெண்ணெயோடு பச்சை முட்டை கொடுப்பது நம் வழக்கம். அந்தப் பிள்ளையின் மேல் உள்ள அக்கறையில் கொடுப்பது, எனக்குத் தெரியும். அதே முட்டையை அவித்துக் கொடுங்கள். பெல்ஜியத்தில் 1998-இல் வெளியான ஆய்வு ஒன்றில், வேகவைத்த முட்டைப் புரதத்தில் சுமார் 90 சதவீதம் உடலில் சேர்ந்தது, பச்சை முட்டையில் பாதியளவே சேர்ந்தது. கிருமியின் நொதியை முடக்கும் புரதங்கள் நம் குடலின் நொதியையும் முடக்கும். வேகவைத்தால் அந்தத் தடை பெருமளவு நீங்குகிறது, பயோட்டினைப் பிடித்துவைக்கும் அவிடினும் செயலிழக்கிறது.

குஞ்சுக்கு அந்தக் கவலை இல்லை. அடைவைத்துப் பன்னிரண்டாம் நாள் வாக்கில், வெள்ளைக்கரு கருவைச் சுற்றியுள்ள நீர்ப்பைக்குள் இறங்குகிறது. குஞ்சு அதைக் கொஞ்சம் கொஞ்சமாக விழுங்கி வளர்கிறது. அதுவரை காவல் காத்த அதே புரதங்கள்தான் அதற்குப் பிறகு அதன் தசையாகவும் இறகாகவும் ஆகின்றன. இட்டதிலிருந்து அந்த நாள்வரை முட்டையில் தண்ணீர் படாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். அடுத்த ஈட்டில் பொரிக்காத முட்டைகளை அப்படியே குப்பையில் எறியாதீர்கள். வீட்டுக்குத் தள்ளி, மூக்கைத் துணியால் மூடிக்கொண்டு, ஒவ்வொன்றாக உடைத்துப் பாருங்கள். கரு கூடாமல் தெளிவாக இருக்கிறதா, குஞ்சு பாதியில் நின்றிருக்கிறதா, பச்சையாகவோ கறுப்பாகவோ அழுகியிருக்கிறதா என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். எந்த முட்டையைக் கழுவினீர்கள், எதைக் கழுவவில்லை என்பதையும் பக்கத்திலேயே குறியுங்கள். முட்டையின் மேல் பென்சிலால் அடையாளம் போட்டால் போதும். பார்த்து முடித்ததும் குழி தோண்டிப் புதைத்துவிட்டு, சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். அந்த நோட்டை உங்கள் ஊர்க் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

அன்புடன்,
உங்கள் கோழிகளின் நலம் நாடும் ஒரு கால்நடை மருத்துவன்